பெரியம்மாவின் கேள்விக்கு நேரமில்லை

போன மாதம் ஒரு பல்கலைக்கழகத்தில் பாலினம், மகப்பேறு, பெண்ணிய ஆய்வு பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தது. அதை நம்பி என் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்து ஊர்களில் நர்ஸம்மா என்றால்தான் தெரியும்.

பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில். பெரியம்மா நோட்டும் பேனாவுமாக இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு அட்டவணை வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்களின் அறுவை சிகிச்சையை நம்பியிருப்பவர்கள் 0.1 சதவீதம். பெரியம்மா என் கையைத் தொட்டு, “இந்த 58-ல நம்ம ஊர்ப் பொண்ணுங்க இருக்காங்க பாப்பா. எத்தனையோ பேரை நான்தான் பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன்” என்றார்.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்தார். தமிழில்தான் கேட்டார். “பிரசவ டேபிள்ல வலியில கிடக்கிற பொண்ணுகிட்ட, குழந்தை பிறந்ததும் காப்பர்-டி போட்டுக்கிறியான்னு கேட்டுக் கையெழுத்து வாங்குறோம். அது சம்மதம்தானா? நான் வாங்கியிருக்கேன். எனக்கு இன்னைக்கும் உறுத்துது.”

அரங்கம் ஒரு நிமிடம் அமைதியானது. தலைமை வகித்தவர் நேரமாகிவிட்டது, தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்ளலாம் என்றார். இடைவேளையில் பெரியம்மாவிடம் யாரும் வரவில்லை. இரண்டு மாணவிகள் மட்டும் வந்து அவர் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தத் துறைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. இப்படி ஒரு கூட்டம் நடத்த அனுமதி வாங்குவதே எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். “காலேஜ் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு” என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. இந்தக் கூட்டங்கள் நடந்தே ஆகவேண்டும். ஆனால் ‘பொது நிகழ்ச்சி’ என்று அழைத்தால் அந்தச் சொல்லுக்கு மரியாதை செய்ய வேண்டும். சம்மதம் என்றால் என்ன என்பதுதான் அன்றைய அமர்வின் தலைப்பே. அதைத் தன் கையால் வாங்கியவர் எழுந்து நின்று கேட்கும்போது நேரமில்லை என்றால், அப்புறம் அந்த நேரம் யாருக்காக ஒதுக்கப்பட்டது?

இந்தத் துறையில் பல்கலைக்கழகங்கள் இன்று பாடமாக நடத்தும் பல விஷயங்கள் வெளியிலிருந்து வந்தவை. 1985-இல் ஐதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியைப் பெண்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். இது பரிசோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அங்கே போய்க் கேள்வி கேட்டவர்கள் ஸ்த்ரீ சக்தி சங்கட்டனா என்ற பெண்கள் அமைப்பினர். மறு வருடம் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கருத்தடை ஊசி அரசுத் திட்டத்துக்குள் வந்தது 2017-இல்தான், ‘அந்தரா’ என்ற பெயரில். பெரியம்மாவுக்கு அந்தரா தெரியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்பதும் தெரியும். அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய சண்டை இருந்தது என்பது அன்றைக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

பீகாரின் அராரியா மாவட்டத்தில் 2012 சனவரியில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் வைத்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கு.க. ஆபரேஷன் செய்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் என்ற சுகாதாரச் செயற்பாட்டாளர் வழக்குப் போட்டார். அது நடந்துகொண்டிருந்தபோதே, 2014 நவம்பரில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்துபோனார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையையே நிறுத்த வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றி அன்று ஒருவர் மிக நன்றாகப் பேசினார். முகாம் எப்படி நடக்கும், இலக்கை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கும்போது நர்ஸ் என்ன செய்வார் என்பதைச் சொல்லக்கூடிய ஒருவர் இரண்டாவது வரிசையில் இருந்தார்.

நம் ஊருக்கு இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 1930-களில் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டின் வறுமைக்காக, தாயின் உடல்நலத்துக்காக என்று மற்றவர்கள் வாதாடியபோது, பெண்ணின் விடுதலைக்காக என்றார். எளிய தமிழில், யார் படித்தாலும் புரியும்படி. இப்போது அதே விஷயத்தைத் தமிழில் கேட்பவர் மைக்கைப் பிடிக்கக் கூச்சப்படுகிறார்.

ஆய்வுக்கென்று ஒரு மொழி வேண்டும் என்பார்கள் நண்பர்கள். சரிதான், ஆய்வாளர்கள் தங்களுக்குள் நுணுக்கமாகப் பேச ஒரு அறை கட்டாயம் வேண்டும். நான் கேட்பது இன்னொரு அறை. கருக்கலைப்புச் சட்டம் வந்து 50 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்துத் தேவையில்லை என்பதுதான் சட்டம். எத்தனை மருத்துவமனைகளில் இன்றும் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்கிறார்கள்! கருவை 24 வாரம் வரை கலைக்கத் தரும் அனுமதியில் மணமாகாத பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதை, அது தேவைப்படுகிற பெண்ணிடம் யார் போய்ச் சொல்வது? சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்த அரங்கத்தில்தான் இருந்தார்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் ஒரு அமர்வாவது தமிழில் வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வர முடிகிற சனிக்கிழமை மதியமாகப் பார்த்து வையுங்கள். குழந்தையோடு வருகிறவளுக்குப் பக்கத்து அறையில் ஒரு பாய், ஒரு ஆள். செவிலியர்களையும், ஊருக்குள் வேலை பார்க்கும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களையும் மேடையில் ஏற்றுங்கள், முழு நேரம் கொடுத்து.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியம்மா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “அந்த ரெண்டு பிள்ளைங்களும் போன் பண்ணுவாங்களா பாப்பா?” ஒருத்தி நேற்றுப் பண்ணியிருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம்.