சங்கத் தலைவர் யாருக்காகப் பேசுகிறார்?

தொழிற்சங்கவாதி என்றதும் பலருக்குக் கொடியும் மைக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. வேலைநிறுத்தம் எப்போதோ ஒருமுறை வருவது. மற்ற நாட்களில் அவர் செய்யும் வேலை வெளியே தெரிவதே இல்லை. மெமோ வாங்கியவர் பதில் எழுதத் தெரியாமல் நிற்கும்போது கூட உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். உள்விசாரணையில் அவருக்குத் துணையாக இருந்து நிர்வாகத்தின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார். கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததா என்று விடாமல் கேட்பார்.

இதையெல்லாம் விடக் கடினம், சொந்த உறுப்பினர்களிடம் உண்மையைச் சொல்வது. "இந்த முறை இவ்வளவுதான் கிடைக்கும்" என்று பொதுக்குழுவில் எழுந்து சொன்னால் கைதட்டல் கிடைக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்று. தனக்குக் கிடைத்த பிறகு என்ன செய்கிறார்?

போலந்தின் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவர் அன்னா வாலென்டினோவிச். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த நிலையில் 1980 ஆகஸ்டில் வேலையைவிட்டு நீக்கினார்கள். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஆகஸ்ட் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. வேலையும் திரும்பக் கிடைத்தது, ஊதிய உயர்வும் உண்டு. தொழிலாளர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆனால், ஆதரவாக வேலையை நிறுத்திய சிறிய ஆலைகளின் கதி? பெரிய தளம் விலகினால் அவர்களை நசுக்கிவிடுவார்கள். அன்னாவும் அங்கே செவிலியராக இருந்த அலினா பியென்கோவ்ஸ்காவும் இன்னும் சிலரும் வாசலுக்கு ஓடிப்போய்க் கிளம்பியவர்களைத் தடுத்தார்கள். போராட்டம் தொடர்ந்தது. ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரமாகச் சங்கம் அமைக்கும் உரிமையை அரசே ஒப்புக்கொண்டது.

அன்னா கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. அப்புறமும் வாசலில் நின்றாரே, அவரைத்தான் நான் தொழிற்சங்கவாதி என்பேன்.

இன்று பல இடங்களில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஊதிய ஒப்பந்தம் போட்டதோடு சங்கம் திருப்தி அடைந்துவிடுகிறது. அதே இயந்திரத்தில், அதே ஷிஃப்டில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி கணக்கிலேயே வருவதில்லை. எந்த வேறுபாடும் இன்றி எல்லாத் தொழிலாளருக்கும் சங்கம் சேரும் உரிமை உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆவது உடன்படிக்கை 1948லேயே சொல்லிவிட்டது. சந்தா கட்டுபவருக்கு மட்டும்தான் பேசுவோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தைக்கு முன் உங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளரின் கோரிக்கை கடைசியில் இருந்தால், பொதுக்குழுவிலேயே எழுந்து கேளுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் அதுதான்.