சிங்கத்துக்கு டப்பிங் பேசினவரெல்லாம் நடிகரா?

முந்தாநாள் அந்தச் சிறந்த நடிகர்கள் பட்டியல் பதிவுல நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. எழுதினவர் பேரைச் சொல்ல மாட்டேன், ஓசியில விளம்பரம் எதுக்கு? 'தி லயன் கிங்'ல முஃபாசாங்கிற ராஜா சிங்கத்துக்குக் குரல் கொடுத்த அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸையும் சேர்க்கலாமேன்னு ஒரு தம்பி பணிவாக் கேட்டதுக்கு, "சிங்கத்துக்கு டப்பிங் பேசினவரெல்லாம் நடிகரா ப்ரோ"ன்னு பதில். பின்னாடியே வரிசையா சிரிக்கிற பொம்மைகள். அதுக்கு விழுந்த லைக்குதான் எனக்கு இன்னும் எரியுது.

பொறுமையாவே சொல்றேன். குரல் கொடுக்கிறதும் நடிப்புதான்.

1994ல வந்த 'தி லயன் கிங்'ல யானைகளோட சுடுகாட்டுக்குப் போய் மாட்டிக்கிட்டு, அப்பா காப்பாத்திக் கூட்டிட்டு வர்ற ராத்திரி ஞாபகம் இருக்கா? திட்டு வாங்க நடந்து வர்ற குட்டிச் சிங்கம் சிம்பா, அப்பா முஃபாசாவோட காலடித் தடத்துக்குள்ள கால் வைக்கிறான். அந்தத் தடத்துல அவன் பாதம் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. முஃபாசா ராஜாவாத்தான் ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்துல, இன்னைக்கு நானும் பயந்துட்டேன்டா, உன்னை இழந்துடுவேனோன்னு, மகன்கிட்ட ஒத்துக்கிறார். அந்த இடத்துல குரல் ஒரு படி இறங்குது பாருங்க, ராஜா போய் அப்பா வந்துடுறார். காட்டுறதுக்கு ஜோன்ஸோட முகம் அங்க இல்லை, கை இல்லை, கண் இல்லை. குரலை மட்டும் வெச்சுக்கிட்டு அதைச் செஞ்சார்.

இன்னொண்ணு. நாம நினைக்கிற மாதிரி வாயசைவைப் பார்த்து மைக் முன்னாடி பேசின வேலை இல்லை அது. அங்க குரலை முதல்ல பதிவு பண்ணிடுவாங்க, அதைக் கேட்டுத்தான் வரைவாங்க. அவர் பேசினதுக்குத் தகுந்த மாதிரி சிங்கம் வாயைத் திறந்துச்சு. இது தெரியாம "டப்பிங்"னு சிரிச்சா நான் என்ன செய்ய?

"குழந்தைங்க படத்துக்குப் போய் இவ்வளவு வக்காலத்தா?"ன்னு ஒருத்தர் வருவார். சொந்தத் தம்பியே அண்ணனைக் கொன்னு அரியணை ஏறுற கதை உங்களுக்குக் குழந்தைக் கதைன்னா, சரி, வெச்சுக்குங்க.

"நீயே தமிழ்லதானே பார்த்தே?" ஆமா, 2019ல மறுபடி எடுத்த படத்தை அக்கா பிள்ளைங்களோட தமிழ்லதான் பார்த்தேன். அந்தக் கொலைகாரத் தம்பி ஸ்காருக்கு அரவிந்த்சாமி பேசினது பிரமாதம். 2024ல 'முஃபாசா' வந்தப்ப அர்ஜுன் தாஸ் குரலுக்கு உருகி ஸ்டேட்டஸ் போட்டவங்கதான் இப்ப "குரல்தானே"ங்கறாங்க. உள்ளூர்க் குரல்னா நடிப்பு, அந்தக் கிழவரோட குரல்னா வெறும் சத்தமா?

சரி, குரலையே விடுங்க. 1969ல 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்துல கறுப்பினக் குத்துச்சண்டை வீரரா நடிச்சதுக்கு டோனி விருது, அமெரிக்க நாடக உலகத்தோட பெரிய விருது அது. அதுவே படமானப்ப ஆஸ்கர் பரிந்துரை. 1987ல 'ஃபென்சஸ்' நாடகத்துக்கு இன்னொரு டோனி. அதுல குப்பை அள்ளுற அப்பா. ஏம்ப்பா உனக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காதான்னு மகன் கேட்பான். உன்னைப் பிடிக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குன்னு திருப்பிக் கேட்பார் அந்த மனுஷன். முஃபாசாவும் அவரே, இந்த அப்பாவும் அவரே. 1958ல சின்ன வேலைக்காரர் வேஷம் கட்டின நியூயார்க் பிராட்வே நாடக அரங்கத்துக்கே 2022ல அவர் பேரை வெச்சாங்க. டப்பிங் பேசினதுக்கா வெச்சாங்க?

இப்ப ஒரு புத்திசாலி, "ஸ்டார் வார்ஸ்ல முகமூடி வில்லன் டார்த் வேடருக்குப் பேசிட்டு, பேர் போட வேண்டாம், நான் வெறும் ஸ்பெஷல் எஃபெக்ட்னு அவரே சொன்னாரே"ம்பார். சொன்னார். அது அவர் பெருந்தன்மை. அவர் தன்னைப் பத்திச் சொல்லிக்கலாம், நீங்க சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேட்டா, அந்த மனுஷனுக்குத் திக்குவாய். சின்ன வயசுல கிட்டத்தட்ட எட்டு வருஷம் வெளியாட்கள்கிட்ட வாயே திறக்கலை. பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார், இவர் எழுதின கவிதையை வாங்கிப் படிச்சுட்டு, இவ்வளவு நல்லா இருக்கே, நீதான் எழுதினேன்னா எல்லார் முன்னாடியும் பார்க்காம சொல்லுன்னார். பம்பளிமாஸ் மாதிரி ஒரு பழத்தைப் பத்தின கவிதை அது. சொன்னார், திக்கலை. அதுக்காகத் திக்குவாய் போயிடவும் இல்லை, கடைசி வரைக்கும் வார்த்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார்.

எனக்கும் அதேதான். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஆனா எனக்கு வாய்ச்ச வாத்தியார் வேற ரகம். பேர் வாசிக்கும்போது "ப்ரசென்ட் சார்"ல அந்த "ப்" உதட்டுலயே ஒட்டிக்கும். அவர் அதே மாதிரி பேசிக் காட்டுவார், வகுப்பே சிரிக்கும். அப்புறம் முதல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஆப்சென்ட் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிடுவார். இன்னைக்கும் ஹோட்டல்ல காபி குடிக்க ஆசையா இருக்கும். "கா" வராதுன்னு தொண்டைக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடும். டீன்னு சொல்லிடுவேன். போன் வந்தா எடுக்காம மெசேஜ் போடுறேன்னு திமிர் பிடிச்சவன்னு பேர் வேற.

"இதுக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம், சென்டிமென்ட்ல அடிக்கிறே"ம்பீங்க. இருக்கட்டும். பேசுறது தானா வர்றவங்களுக்குக் குரல் சும்மா வர்ற விஷயமாத்தான் தெரியும்.

"இனி ஏஐயே பேசிடுமே, 2022ல டார்த் வேடர் குரலை மெஷின்தானே செஞ்சுது"ன்னு காலையில ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்தார். செஞ்சுது, அவர் சம்மதம் கொடுத்த பிறகு, அவரோட பழைய பதிவுகளை வெச்சு. 2024 செப்டம்பர்ல, 93 வயசுல போய்ச் சேர்ந்தார். அதுக்கப்புறமும் அந்தக் குரல் வேணும், ஆனா ஆள் நடிகர் இல்லை. நல்லா இருக்கு உங்க நியாயம்.

கேட்ட தம்பிக்கு: நீ சொன்னது சரிதான், கமெண்ட்டை அழிச்சிருக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு, "ப்ரோ ஓவர் எமோஷனல்"னு எழுத வந்தா பிளாக் பண்ணிடுவேன்.