ரிசல்ட் வரும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று குழந்தைக்கு ரத்த டெஸ்ட் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களிடம், "ரத்தம் கொடுத்தாச்சுல்ல, இனி கோதுமையை நிறுத்திடுங்க, குழந்தை தேறினா சீலியாக்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே எடுத்த ரத்தத்தின் முடிவு மாறாது என்பது உண்மைதான். ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை. மறுபடி ரத்தம் கேட்கலாம், எண்டோஸ்கோப்பி வைத்து சிறுகுடலிலிருந்து பயாப்ஸி (சோதிக்க ஒரு சின்னத் துணுக்கு) எடுக்கலாம். க்ளூட்டனை நிறுத்தினால், சீலியாக்கைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி ஆன்டிபாடி இறங்க ஆரம்பிக்கும், குடலின் உட்சுவரும் ஆற ஆரம்பிக்கும். அப்புறம் எடுக்கும் டெஸ்ட், நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். பிறகு உறுதிசெய்ய, தேறிய பிள்ளைக்கே திரும்பவும் பல வாரம் க்ளூட்டன் கொடுக்கவேண்டி வரும். அந்தக் கொடுமை வேண்டாமே.

கோதுமையை விட்டதும் வயிறு சரியாவது சீலியாக்குக்கு மட்டுமே உரியதல்ல. கோதுமை அலர்ஜியிலும் அப்படி ஆகலாம்.

ரிப்போர்ட் வந்ததும் டிடிஜியை மட்டும் பார்க்காமல் மொத்த ஐஜிஏ (ஆன்டிபாடிகளில் ஒரு வகை) அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். அது உடம்பில் குறைவாக இருந்தால், அந்த வகையை வைத்தே பார்க்கும் டிடிஜி ஐஜிஏ டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் நம்பமுடியாது.

காத்திருக்கும்போது குழந்தை ரொம்ப அவதிப்பட்டால், எடை இறங்கினால், நீங்களாக முடிவெடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட்டு டெஸ்டை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.