தூக்கிவிட வேண்டாம், வழியைச் சரிசெய்யுங்கள்

இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிற ஒருத்தி கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டைக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்கிறார்கள். எல்லோரும் எதற்குப் போகிறார்களோ அதற்குத்தான். கெய்சர் வீதியில் துணிக்கு விலை பேச, செட்டியார் தெருவில் கதிரேசனைக் கும்பிட, இரண்டாம் குறுக்குத் தெருவில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலை அண்ணாந்து பார்க்க. "என்ன வேணும் சொல்லு, நாங்க வாங்கிட்டு வாறம்" என்று வீட்டில் சொல்வது அன்பால்தான். ஆனால் ஊரைப் பார்ப்பதை எனக்காக வேறொருவர் செய்துவிட்டு வரமுடியாதே.

பலரும் நினைப்பதுபோல் அங்கே சனக்கூட்டம் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. மனிதர்கள் விலகுவார்கள். மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு வரும் நாட்டாமிகூட, அதுதான் சுமை தூக்குபவர், குரல் கொடுத்துவிட்டு, என் கால் நகரும்வரை அந்தப் பாரத்தைப் பிடித்து நிறுத்துவார். விலகாதவை வேறு. நடைபாதையில் ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள், கடைவாசலில் அடுக்கிய பெட்டிகள், உடைந்த வடிகான் மூடி. ஒவ்வொன்றுக்காகவும் வீதியில் இறங்கி, பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே நடந்து, திரும்ப உயரமான விளிம்பில் ஏறவேண்டும். மழை பெய்தால் நடைபாதையின் வழுவழு ஓடுகளில் ஊன்றுகோலின் ரப்பர் நுனி பிடிக்காது. அப்படி நாலு தரம் ஏறி இறங்கினால் தோள்பட்டை விட்டுப்போகும். உட்காரலாம் என்றால் இடம் கிடைக்காது. பெஸ்டியன் மாவத்தைப் பக்கம் பேர வாவி இருக்கிறது; நாற்றம் அடித்தாலும் காற்று வரும். ஆனால் பிரதான வீதியிலிருந்து அதுவரை இளைப்பாற ஒரு வாங்காவது வேண்டாமா?

இதைச் சொன்னால் உடனே நடைபாதை வியாபாரிகளைத் துரத்தச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் சாமானை ஒதுக்கி வழி விடுகிறவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "பிடிச்சுத் தூக்கட்டா அக்கா?" என்று ஓடிவரும் தம்பிமார் நல்ல பிள்ளைகள். ஆனால் ஊன்றுகோல் பிடித்த கையை யாராவது பற்றினால் நிலை தடுமாறிவிடும். கேளுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், கையைப் பிடிக்காதீர்கள். தூக்கிவிட ஆள் இருக்கிறது என்பதற்காகப் படியை அப்படியே விட்டுவைப்பது சரியில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாகின. கிரிக்கெட் நடுவராக இருந்த கலாநிதி அஜித் பெரேரா, 1992இல் ஓடும் காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் தொடுத்த வழக்கில்தான் 2011இல் உயர் நீதிமன்றம் அந்த விதிகளைப் பின்பற்றும்படி உத்தரவிட்டது. 2016இல் வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றது. அஜித் பெரேரா 2020இல் காலமானார். அவர் கேட்டதை நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வேதனை.

சாய்தளம் போட்டால் சரியாகப் போடுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான அளவு. நான் போன ஒரு அலுவலகத்தில் சறுக்குமரம் மாதிரி ஒன்றைக் கட்டி, அதன் வாசலிலேயே வாகனத்தை நிறுத்தியிருந்தார்கள்.

பழைய நகரம், என்ன செய்யமுடியும் என்று சொல்லாதீர்கள். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தை இடிக்க யாரும் கேட்கவில்லை. நடைபாதையும் கான் மூடியும் நம் காலத்தில் போட்டவை, நாமே மாற்றலாம். பிரதான வீதியில் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் எடுங்கள். மோட்டார் சைக்கிளை இறக்குங்கள், மூடிகளைச் சரிசெய்யுங்கள், கடவை வரும் இடங்களில் விளிம்பைத் தாழ்த்துங்கள், இடையிடையே வாங்கு போடுங்கள். குறுக்குத் தெருக்களுக்குப் பிறகு வரலாம்.