அந்தப் பியானோவில் இருப்பவர் பெயர் லில்

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923-இல் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று உண்டு. ஜாஸ் பற்றிப் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே கண்ணில் படும். வாத்தியங்களோடு ஆண்கள், நடுவே ஒரே ஒரு பெண். அவர் யார் என்று சில வருடங்களுக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் "ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி" என்று சட்டென்று சொல்லியிருப்பேன். நான் படித்த இடங்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் படம் எடுத்தபோது அவர்களுக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை. அது நடந்தது 1924-இல். லூயி அந்தக் குழுவில் சேர்வதற்கு முன்பே சிகாகோவில் வாசித்துக்கொண்டிருந்த பியானோ கலைஞர் லில் ஹார்டின். லூயிதான் நியூ ஆர்லியன்ஸிலிருந்து புதிதாக வந்து, ஆலிவருக்கு அடுத்த இரண்டாவது கார்னெட்காரராக (கார்னெட் என்பது ட்ரம்பெட் மாதிரி ஓர் ஊதுவாத்தியம்) சேர்ந்தவர்.

மனைவி என்ற ஒரே சொல்லில் இவ்வளவும் மறைந்துபோகிறது. அது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

லில் மெம்ஃபிஸில் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கு ப்ளூஸ் என்றாலே ஆகாது. சிகாகோவுக்குக் குடிவந்ததும் ஓர் இசைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வாங்க வருகிறவர்களுக்கு அச்சிட்ட இசைத்தாள்களை வாசித்துக் காட்ட வேண்டும், வாரம் 3 டாலர் சம்பளம். அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ்காரர்களின் குழு ஒன்றில் இடம் கிடைத்தது. முதல் நாள் போய் உட்கார்ந்து இசைத்தாள் எங்கே என்று கேட்டிருக்கிறார். தாள் கிடையாது என்றார்கள். சரி, எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறோம் என்று கேட்டார். அதுவும் தெரியாதாம். இரண்டு தட்டு கேட்டதும் வாசிக்க ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றார்கள். இரண்டு தட்டு கேட்டது, ஆரம்பித்தார். பின்னாளில் அவரே ஆசையாகச் சொன்ன கதை இது. தாளைப் பார்த்து வாசிக்கவும் தெரியும், தாளே இல்லாமல் காதால் பிடிக்கவும் முடியும் என்ற இரட்டைத் திறமை இதில் தெரிகிறது. அந்தக் காலத்தில் அது எல்லோருக்கும் வாய்த்ததில்லை.

ஆலிவரின் நிழலிலேயே நின்றால் லூயி கடைசி வரை இரண்டாவது ஆளாகத்தான் இருப்பார் என்று கண்டுகொண்டவரும் லில்தான். வெளியே போ என்று அவர் அழுத்திச் சொன்னதால்தான் லூயி 1924-இல் நியூயார்க் போய் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சேர்ந்தார். மறு வருடம் அவரைத் திரும்ப வரவழைத்து, சிகாகோவின் ட்ரீம்லேண்ட் என்ற இசை அரங்கில் தன் சொந்தக் குழுவின் முன்னால் நிறுத்தியவரும் அவரே. இந்தப் பகுதியைப் புத்தகங்கள் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் "கணவனை உயர்த்திய மனைவி" என்ற கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் சண்டையே அங்கேதான். அவர் உயர்த்திவிட்டதைச் சொல்பவர்கள், அவர் வாசித்ததையும் எழுதியதையும் ஏன் சொல்வதில்லை?

ஹாட் ஃபைவ் என்ற தன் குழுவோடு லூயி போட்ட இசைத்தட்டுகள் 1925 நவம்பரில் தொடங்கின. ஜாஸ் வரலாற்றையே திருப்பிப் போட்ட பதிவுகள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. பியானோவும் பாஞ்சோவும் மட்டும்தான் தாளத்தைத் தாங்கின. பியானோவில் லில். மேலே ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ட்ராம்போனும் இஷ்டத்துக்குப் பறக்கின்றன என்றால், அவை இறங்கி நிற்பதற்கு ஒரு தரை கீழே இருந்தது. 1927 டிசம்பரில் பதிவான "ஹாட்டர் தேன் தட்" பாட்டில் லூயி சொற்களே இல்லாமல் பாடும் இடத்தை இன்றும் வகுப்புகளில் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த மெட்டு லில் எழுதியது. அதே மாதம் பதிவான "ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பிக்யூ"வும் அவருடையதே. பிற்பாடு ரே சார்ல்ஸ் பாடிப் புகழ்பெற்ற "ஜஸ்ட் ஃபார் எ த்ரில்"லும் அவர் எழுதியதுதான்.

லில் சாதாரணமான பியானோ கலைஞர், 1928-இல் லூயியின் இசைத்தட்டுகளில் பியானோ வாசித்த ஏர்ல் ஹைன்ஸ் பக்கத்தில்கூட நிற்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். தனி ஆவர்த்தனத்தை வைத்து அளந்தால் ஹைன்ஸ் பெரிய ஆள்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் தனியாக மின்னுவதை மட்டுமே ஏன் அளவுகோலாக வைக்கிறோம்? குழுவைத் தூக்கி நிறுத்துவதும் மெட்டு எழுதுவதும் அரேஞ்ச்மென்ட் போடுவதும் (எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும்) எந்தக் கணக்கில் சேரும்? பல பெண்களின் உழைப்பு போய்ச் சேர்ந்த இடங்கள் இவைதான்.

ட்ராம்போன் வாசித்த மெல்பா லிஸ்டனையே பாருங்கள். ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பி அவரைத் தன் குழுவுக்கு அழைத்தபோது, இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவர வேண்டுமா என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். மெல்பா எழுதிவந்த அரேஞ்ச்மென்ட்டை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னாராம் டிஸ்ஸி. இரண்டு அடி போவதற்குள் ஆண்கள் தடுமாறி நின்றுவிட்டார்கள். முணுமுணுப்பும் அதோடு நின்றது. பின்னாளில் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் பெயரில் வந்த எத்தனையோ அருமையான இசைத்தட்டுகளில் அரேஞ்ச்மென்ட் மெல்பாவுடையது. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வெஸ்டன்.

அப்புறம், நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் ஒரு கதை. ஆலிஸ் கோல்ட்ரேன். இவரையும் "சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவி" என்றே ஆரம்பிக்கிறார்கள். டெட்ராய்ட்டில் வளர்ந்து, ஜானைச் சந்திப்பதற்கு முன்பே பியானோவில் பேர் வாங்கியவர். 1966-இல் ஜானின் குழுவில் பியானோ கலைஞர் மெக்காய் டைனரின் இடத்தில் உட்கார்ந்தபோது அவர் வாங்கிய வசவுகள் கொஞ்சமல்ல. 1967-இல் ஜான் இறந்த பிறகு நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே யாழ் போன்ற ஹார்ப்பைக் கையில் எடுத்தார். 1971-இல் வெளிவந்த "ஜர்னி இன் சச்சிதானந்தா" ஆல்பத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. தம்புரா இழைந்துகொண்டே இருக்கும், அதன் மேல் பேஸ் ஒரே வரியைச் சொல்லிச் சொல்லி நடக்கும், பிறகு ஹார்ப் தண்ணீர் மாதிரி இறங்கும். தலைப்பில் இருக்கும் ஆலிஸின் குரு சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். அந்த ஊர் வழியாகப் போகும் பேருந்தில் ஒருமுறை இதே ஆல்பத்தைக் காதில் மாட்டிக்கொண்டு போனேன். ஏனென்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

இதையெல்லாம் சொன்னால் "அதெல்லாம் பழைய காலம்" என்று பதில் வரும். பழைய காலம் பாடப்புத்தகத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஜாஸ் மாணவர்கள் கையில் எடுக்கும் மெட்டுத் தொகுப்புகளில் பெண்கள் எழுதியவை விரல் விட்டு எண்ணும் அளவுகூட இருக்காது. தொகுப்பில் இருப்பதைத்தான் பழகுவார்கள், பழகியதைத்தான் மேடையில் வாசிப்பார்கள். டிரம்ஸ் கலைஞர் டெர்ரி லின் கேரிங்டன் இதைப் புரிந்துகொண்டு, பெண்கள் எழுதிய 101 மெட்டுகளைத் தொகுத்து 2022-இல் புத்தகமாகவே கொண்டுவந்தார். அதற்கு முன்பு, 2018-இல், பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸுக்கும் பாலின நீதிக்கும் என்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். புலம்பிக்கொண்டிருக்காமல் வாசிப்பதற்குத் தாளை எடுத்து நீட்டினார் பாருங்கள், அந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

லூயி 1971 ஜூலை 6 அன்று இறந்தார். லில்லும் அவரும் பிரிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அடுத்த மாதம் 27-ஆம் தேதி சிகாகோவில் அவருக்காக ஓர் அஞ்சலிக் கச்சேரி நடந்தது. லில் போய்ப் பியானோ முன் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார், அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 73.