அலசுவது வேறு, அரைத்ததையே அரைப்பது வேறு

‘தன்னைத்தானே ஆழமாக அலசினாலே மனச்சோர்வு போய்விடும், தெரபி எதற்கு’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு, கொஞ்சம் ஆபத்தானதும்கூட. மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே தன்னைப் பற்றித்தான் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறார். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று செக்குமாடு மாதிரி சுற்றும் அந்த யோசனை சோர்வை நீட்டிக்கும் என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா 1991லேயே விளக்கமாக எழுதிவிட்டார்.

தெரபியில் நடப்பது வேறு. மனநல மருத்துவர் ஆரன் பெக் வழிவந்த சிபிடியில் (எண்ணங்களையும் நடத்தையையும் சரிபார்த்து மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் எப்போது வந்தது, கூடவே வந்தது பயமா, வெட்கமா, கோபமா, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே பலருக்கு முதலில் வராது, ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பதோடு நின்றுவிடும் (நானும் அப்படித்தான்).

அப்புறம், செயலைத் தூண்டும் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ளே தோண்டுவதே குறைவு. விட்டுப்போன வேலைகளைச் சின்னச் சின்னதாக மறுபடி தொடங்க வைப்பார்கள், அதுவும் பலன் தருகிறது. சோர்வு கடுமையாக இருந்தால் மருந்தும் தேவைப்படலாம், வெறும் டைரி போதாது.