வார்டு ஓட்டுரிமையை மறுத்துவிட்டு வாக்காளர் தினம் எதற்கு?

ஜனவரி 25 வந்தால் போதும். கல்லூரிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, வாக்காளர் தின உறுதிமொழி வாங்குகிறார்கள். தேர்தல் நெருங்கினால் டீக்கடை பெஞ்சிலிருந்து டிவி விவாதம் வரை ஒரே பாட்டு: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறை கிடையாது." கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. புதுச்சேரியில் 1988க்குப் பிறகு பிறந்த ஒருவர்கூட இந்த மண்ணில் தன் வார்டு கவுன்சிலருக்கு ஓட்டு போட்டதில்லை. தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதுக்காரர்களும் இதில் அடக்கம். போடுவதற்கு ஓட்டையே கொடுக்காமல், போடவில்லை என்று ஏசுவது என்ன நியாயம்?

பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1880ல், இங்கே கொம்யூன் என்ற உள்ளாட்சி அமைப்பு வந்துவிட்டது. தேர்ந்தெடுத்த நகரசபை வந்தது, மேர் என்ற நகரத் தலைவர் வந்தார். இந்தியாவோடு சேர்ந்த பிறகு 1968ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006ல். நடுவில் 38 வருடம்! 2006ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. அதன்பிறகு புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய 5 நகராட்சிகளும், வில்லியனூர், பாகூரில் தொடங்கி திருநள்ளாறு வரையிலான 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில்தான். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்ற நகரசபைக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி, 2021ல் திறந்தும் விட்டார்கள். கட்டடத்தை மீட்க ஏழு வருடம் போதுமானதாக இருந்தது. அதில் உட்கார வேண்டிய மன்றத்தை மீட்க யாருக்கும் மனம் வரவில்லை.

இது சட்டத்தில் இடமுள்ள தாமதமா என்றால் இல்லை. உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து வருடம், அதற்கு மேல் கிடையாது என்று அரசியல் சாசனம் 243-இ, 243-யு பிரிவுகளில் எழுதி வைத்திருக்கிறது. அந்த ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். யூனியன் பிரதேசத்துக்கும் இதே விதிதான். 2021ல் மாநிலத் தேர்தல் ஆணையம் தேதி அறிவித்தது. வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு வந்து, அறிவிப்பு திரும்பப் போனது. மறுபடி அறிவித்தார்கள். பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் இடங்களை எடுத்துவிட்டார்கள் என்று மறுபடி உயர்நீதிமன்றத்தில் நின்றது. அதோடு சரி.

பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் வேண்டும், அதில் இரண்டு பேச்சே இல்லை. அதற்கு உச்ச நீதிமன்றம் வழியும் சொல்லியிருக்கிறது. தனி ஆணையம் போடு, உள்ளாட்சி வாரியாகக் கணக்கெடு, மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள். மூன்றே வேலை. ஏறக்குறைய 10 லட்சம் வாக்காளர்கள் இருக்கிற ஊரில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க எத்தனை வருடம் வேண்டும்? வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரே மாதத்தில் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடிகிற அரசு இயந்திரத்துக்கு இது முடியாதா? அதே உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில், இந்தக் கணக்கெடுப்பு முடியவில்லை என்பதற்காகத் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. 2011க்குப் பிறகு ஆட்சி கைமாறி கைமாறி வந்துவிட்டது. ஆண்ட கட்சி எதுவும் இந்தப் பழியிலிருந்து தப்ப முடியாது.

ஏன் நடத்த மாட்டார்கள்? தொகுதி அளவைப் பாருங்கள், புரியும். 30 தொகுதி, ஒன்றுக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. தமிழ்நாட்டில் ஒரு சின்ன நகராட்சி அளவுதான். இவ்வளவு சின்னத் தொகுதியில் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய், பிறப்புச் சான்றிதழ் சிபாரிசு எல்லாமே எம்.எல்.ஏ. கை வழியாகப் போகிறது. நகராட்சி வேலையைத் தொடங்கி வைக்கும் பூமி பூஜையில் எம்.எல்.ஏ.தான் மண்வெட்டி பிடிக்கிறார். கவுன்சிலர் வந்துவிட்டால் அந்தச் செல்வாக்கு பாதியாகிவிடும். பத்து வருடத்தில் வார்டிலிருந்து ஒரு போட்டியாளரும் முளைத்து வருவார். அதனால்தான் எதிரும் புதிருமான கட்சிக்காரர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக வாய் மூடி இருக்கிறார்கள். இதை வேறு எப்படியும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அடிபடுவது யார்? சட்டசபைக்கு நிற்க 25 வயது வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். கல்லூரி முடித்த கையோடு ஒரு பெண் தன் வார்டில் நின்று, நகராட்சிக் கணக்கை நேருக்கு நேர் கேட்கக்கூடிய ஒரே வாசல் அதுதான். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சாசனமே உறுதி கொடுத்த வாசலும் அதுதான். 2021ல் சட்டசபைக்கு ஜெயித்த 30 பேரில் ஒரே ஒருவர்தான் பெண். அந்த வாசலை அடைத்துவிட்டு "இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும்" என்று மேடையில் முழங்குகிறார்கள்.

கவுன்சிலர் வந்து என்ன கிழிக்கப் போகிறார் என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரு வாய்க்கால் வேலையைச் சொல்கிறேன். பொறியாளர் முதலில் மதிப்பீடு போடுவார். 300 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் சேறு என்றால் 150 கன மீட்டர். டெண்டர், பணி ஆணை, வேலை. முடிந்ததும் அளவை எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றுவார்கள், அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும். ஓட்டை எங்கே விழுகிறது? அள்ளும் முன்பே மட்டம் எடுத்து வைக்காவிட்டால், உள்ளே இருந்தது அரை மீட்டர் சேறா கால் மீட்டரா என்று பின்னால் யாராலும் நிரூபிக்க முடியாது. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே இறங்கிவிடும். அப்புறப்படுத்தும் கூலியோ பில்லில் ஏறியிருக்கும். கல்வெர்ட் என்ற சிறு பாலத்துக்கு இரு பக்கமும் பொக்லைன் விட்டுவிட்டு அடியில் கைவைக்காமல் போனால், 300 மீட்டர் சுத்தம் செய்தும் தண்ணீர் அந்த ஒரு இடத்தில் முட்டி நிற்கும். இதெல்லாம் போக, வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது என்பது இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். செப்டம்பருக்குள் முடிய வேண்டிய வேலைக்குப் பணி ஆணையே அக்டோபரில் வந்தால் அந்தக் காசு கடலுக்குத்தான்.

அதே 150 கன மீட்டரை ஒரு நடுத்தர டிப்பரில் ஏற்றினால் 25, 30 நடை ஓட வேண்டும். தெருவில் குடியிருக்கிற கவுன்சிலர் அதை எண்ண முடியும். ஐந்து நடை ஓட்டிவிட்டு முப்பதுக்குப் பில் போட்டால், மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார். கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் அந்தத் தெரு அவரைக் கேட்கும். இன்றைக்கு மன்றத்தின் அதிகாரமும் அதிகாரியிடம், நிர்வாகத்தின் அதிகாரமும் அதிகாரியிடம். செலவு செய்கிறவரே செலவுக்கு ஒப்புதலும் கொடுக்கிறார். இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுகிறவரிடம் போய் எந்தத் தெரு கணக்குக் கேட்கும்?

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மிதந்தது நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை ஒரே நாளில் கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் முழுதாகத் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை விட்ட பிறகும் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதற்கு வானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வந்தது. மூன்றரை லட்சம் கார்டு என்று போட்டால் 175 கோடி. பாதிக்கப்பட்ட வீட்டுக்கு அது போக வேண்டிய பணம்தான். மழைக்கு முன் எந்த வார்டில் எத்தனை மீட்டர் தூர்வாரினார்கள் என்ற கேள்வியைத்தான் ஒருவரும் அந்த 5,000 ரூபாயோடு சேர்த்துக் கேட்கவில்லை.

இங்கே இளைஞர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அரசுச் செலவு என்றாலே குடும்பத் தலைவிக்கு மாதம் கொடுக்கிற உதவித்தொகையும் ரேஷன் அரிசியும்தான் உங்கள் கண்ணில் படுகிறது. "இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்துட்டாங்க" என்று எழுதி நூறு லைக் வாங்குகிறீர்கள். 2025-26ல் புதுச்சேரி பட்ஜெட் 13,600 கோடி. அதில் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், கடனும் வட்டியும், மின்சாரக் கொள்முதல் என்று கட்டாயச் செலவிலேயே போய்விடும். எஞ்சுவதைத்தான் பார்க்க வேண்டும். பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனிப் பத்தி இருக்கும். பேச்சில் அறிவிப்பது முதல் பத்தி. அதற்கு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்பது இரண்டு வருடம் கழித்துக் கடைசிப் பத்தியில் வரும். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வெறும் அறிவிப்பு என்று தெரிந்துவிடும். ஏழை வீட்டு அரிசியில் காட்டும் கோபத்தில் பாதியை அங்கே காட்டுங்கள்.

"ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போவுது, முப்பது பேரை நாம தேர்ந்தெடுத்தா மூணு பேரை டெல்லி நியமிக்குது" என்பதும் காதில் விழுகிறது. நியாயமான ஆத்திரம். நியமன உறுப்பினர் மூவருக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2018ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2021ல் ஏனாமில் முதல்வர் வேட்பாளரே 655 ஓட்டில் தோற்றார். இரண்டு தெரு ஓட்டு அது. சின்ன ஊரில் ஒரு ஓட்டின் கனம் அதிகம்.

நோட்டா அழுத்திவிட்டுப் புரட்சி செய்ததாக நினைப்பதும் ஏமாற்று. நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலில் நிற்பவர்தான் எம்.எல்.ஏ. தேர்தலுக்குத் தேர்தல் சுற்றும் இன்னொரு பொய், "14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல்" என்பது. அப்படி ஒரு விதியே கிடையாது. உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டிருந்தால் 49-பி (49P) விதிப்படி டெண்டர் வாக்குச்சீட்டு கேட்டு வாங்கிப் போடலாம், அது மட்டும்தான் உண்மை.

பட்டியல் விஷயத்திலும் இதே அலட்சியம். கையில் அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினால், எழுத்துப்பிழை திருத்த படிவம் 8. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாள். 17 முடிந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கிறவர் அந்த முகவரியிலோ சொந்த ஊரிலோ, ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கலாம். வேட்புமனு கடைசி நாள் வரைதான் பெயர் சேர்ப்பார்கள். ஆட்சேபத்துக்கு ஏழு நாள் அவகாசம் விட வேண்டியிருப்பதால், அதற்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தலுக்கு முதல் நாள் "என் பெயர் இல்லை" என்று வீடியோ போட்டுப் பயனில்லை.

எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர் 2019 டிசம்பரில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டு வாங்கிக் குத்தினார்: வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். கடலூர் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் 45 வார்டுக்கும் தேர்தல் நடந்தது. இந்தப் பக்கம் அதே காற்று, அதே மண், ஒரு சீட்டும் இல்லை. ஆனால் கடலூர்க்காரர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. அந்த 2019 ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்து, தனி அலுவலர்களைப் போட்டார்கள். தனி அலுவலர் இருந்தாலும் கிராமசபை நடந்தே ஆக வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போய் உட்கார்ந்து வரவு செலவு அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தேர்தலைத் தள்ளிவைத்துப் பழகிவிட்டால் அது எத்தனை வருடம் இழுக்கும் என்பதற்கு நாங்கள்தான் சாட்சி.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கையில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். "ஏன் தூர்வாரவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை என்று தட்டிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இந்தத் தெரு வாய்க்காலுக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம்-புக் பக்கங்களின் நகல், இறுதிப் பில்லின் நகல். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையம்.

வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருவார்கள். இங்கே சட்டசபை வேட்பாளரின் செலவு வரம்பு 28 லட்சம். தொகுதி வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு 100 ரூபாய் தேறாது. கவரில் 500 வருகிறது என்றால் அவர் கொடுக்கப் போகும் கணக்கு பொய்க் கணக்கு என்று வாசலிலேயே தெரிந்துவிடும். அந்தக் கவரைத் தொடாதீர்கள். கூட வருகிற அண்ணன்மார்கள் சாலை, வேலை, பென்ஷன் என்று அடுக்குவார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, வார்டுத் தேர்தல் எந்த மாதம் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "பார்க்கலாம் தம்பி" என்று நழுவினால் விடாதீர்கள். மாதத்தையும் வருடத்தையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அங்கேயே போனில் பதிவு செய்து கொள்ளுங்கள்.